காளான் குளிசையும் சீனி வருத்தமும்: மருந்துக் கடையில் கேட்கப்படும் கேள்விகள்

கல்முனையில் ஒரு மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். நான் டொக்டர் இல்லை. டொக்டர் எழுதியதை எடுத்துக் கொடுப்பதும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வதும்தான் என் வேலை. கொஞ்சக் காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "தம்பி, சீனிக்குக் காளான் குளிசை நல்லதாமே?" பாதிப் பேர் போத்தலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதிவைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். காளான் குளிசை சீனியைக் குறைக்குமா?

குறைக்கும் என்று நம்பி இருக்கிற அளவுக்கு நல்ல சான்று இல்லை.

இந்தப் போத்தல்களில் அதிகம் வருவது ரெய்ஷி என்ற காளான். லிங்சி, கனோடெர்மா என்பதெல்லாம் அதே ஆள்தான். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் இதை ஒழுங்காகச் சோதித்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 84 பேர். ஒரு பகுதியினருக்கு ரெய்ஷி, இன்னொரு பகுதியினருக்கு ரெய்ஷியும் கோர்டிசெப்ஸ் என்ற காளானும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை. யாருக்கு எது கிடைத்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு 3 கிராம், 16 கிழமை. கடைசியில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவிலும் சரி, வெறும் வயிற்றுச் சீனியிலும் சரி, வெற்றுக் குளிசை போட்டவர்களைவிடப் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை.

அதற்கு முன் 2015இல், கொக்ரேன் என்ற ஆய்வுக் குழுமம் ரெய்ஷி பற்றி அதுவரை நடந்த ஐந்து சோதனைகளை, மொத்தம் 398 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. நீரிழிவுக்கோ இதய நோய்க் காரணிகளுக்கோ இதைச் சிபாரிசு செய்ய ஆதாரம் இல்லை என்பதுதான் அங்கேயும் பதில்.

அப்படியென்றால் "எனக்குக் குறைஞ்சது" என்று இவ்வளவு பேர் சொல்கிறார்களே, எல்லாரும் பொய்யா?

இல்லை. பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். சீனி குறைந்தது உண்மை. எதனால் குறைந்தது என்பதில்தான் சிக்கல்.

என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். கிளினிக்கில் வெறும் வயிற்றுச் சீனி 210 என்று வந்த அன்று வீட்டுக்கு வந்து அழுதார். அடுத்த கிழமை சொந்தக்கார மாமி ஒருவர் ரெய்ஷி போத்தலோடு வந்தார். "இதப் போடுங்க கா, மறுகா அந்தக் குளிசையெல்லாம் தேவப்படாது" என்றார். மகன் மருந்துக் கடையில் நிற்கிறான் என்பதெல்லாம் அந்த இடத்தில் எடுபடவில்லை. அம்மா வாங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து 148. மாமிக்கு ஒரே சந்தோஷம்.

நான் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அழுத நாளிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை. பின்னேரம் கோயிலடிவரை நடை. இரவில் பிட்டு பாதியானது. எல்லாவற்றையும்விட, அன்றைக்கே கிளினிக்கில் மெட்போமின் என்ற சீனிக் குளிசையைக் கூட்டியிருந்தார்கள். கொப்பியில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் வீட்டில் பேர் வாங்கியது போத்தல்.

இன்னொன்றும் உண்டு. யாரும் சீனி 110 ஆக இருக்கும்போது காளான் தேடிப் போவதில்லை. எல்லாவற்றிலும் மோசமான ரிசல்ட் வந்த நாளில்தான் போகிறார்கள். மிக உயரத்தில் இருக்கிற எண் அடுத்த முறை கொஞ்சம் இறங்கி வருவது வழக்கம்; ஒன்றுமே செய்யாவிட்டாலும் பல நேரம் அப்படித்தான். முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், நித்திரை வந்ததா என்பதற்கேற்பக்கூட வெறும் வயிற்றுச் சீனி ஆடும். அதனால்தான் ஒரு நாள் எண்ணை நம்பாமல் எச்.பி.ஏ.1சி செய்து பாருங்கள் என்கிறோம். அது 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை நுழைவாசல். அந்த எண்ணை ஒரு இரவுப் பட்டினியால் ஏமாற்ற முடியாது.

போட்டும் குறையாதவர்கள் எங்கே என்று கேளுங்கள். அவர்கள் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. காசு போன வெட்கம்.

என்னென்ன காளான்கள் வருகின்றன? எல்லாம் ஒன்றா?

ஒன்றில்லை. ரெய்ஷியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கறி சமைக்க முடியாது, மரக்கட்டை மாதிரி இருக்கும், கடும் கசப்பு. சீனாவிலும் ஜப்பானிலும் பழைய காலத்திலிருந்து மருந்துச் சரக்கு. மைடாக்கே சாப்பிடக்கூடிய காளான். சீனியைப் பொறுத்தவரை அதற்கு இருக்கிற சான்றில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தது. கோர்டிசெப்ஸ் பூச்சியின் உடலில் முளைக்கிற வகை. இப்போது கடையில் வருவது பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் வளர்த்தது. லயன்ஸ் மேனை நரம்புக்கும் ஞாபகத்துக்கும் என்று விற்கிறார்கள். சீனிக்கு அதை ஏன் கலக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சாகா குளிர் நாடுகளில் பேர்ச் மரத்தில் வளர்கிற கறுப்புக் கட்டி. சிறுநீரகம் பற்றிய கேள்வியில் அதற்கு மறுபடி வருவேன்.

கொஞ்சம் நல்ல பேர் எடுத்தது அகாரிகஸ் பிளேசி என்ற பிரேசில் காளான். தைவானில் 72 நோயாளர்களுக்கு, அவர்கள் ஏற்கெனவே போட்ட மெட்போமின், கிளிக்லசைட்டோடு சேர்த்து, நாளுக்கு 1500 மில்லிகிராம் வீதம் 12 கிழமை கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வந்த ஆய்வு. இன்சுலினுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு சற்றுக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஒரு சிறிய ஆய்வு. அதிலும் அவர்கள் குளிசையை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். விற்பவர்கள் அந்த வரியை விட்டுவிடுவார்கள்.

"பீட்டா குளுக்கன் இருக்கிறது, அது சீனியைப் பிடித்து இழுக்கும்" என்கிறார்களே?

பீட்டா குளுக்கன் ஒரு வகை நார்ப்பொருள். ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கிறது, காளானிலும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே அமைப்பு இல்லை. ஓட்ஸில் இருப்பது தண்ணீரில் கரைந்து கஞ்சி மாதிரிக் குழைந்து, குடலில் மாவுச்சத்து வேகமாக இரத்தத்துக்குப் போவதைத் தாமதிக்கும். அதற்கும்கூட ஒரு சாப்பாட்டோடு சில கிராம் வேண்டும். காளானில் இருப்பது அவ்வளவு குழைவதில்லை. குழைந்தாலும் ஒரு குளிசை 500 மில்லிகிராம், அதாவது அரைக் கிராம்.

இதை இன்னொரு விதமாகப் பாருங்கள். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அரைக் கிராம் காய்ந்த தூள் என்பது ஏறக்குறைய 5 கிராம் பச்சைக் காளான். நாளுக்கு ஆறு குளிசை போட்டாலும் 30 கிராம். சந்தையில் வாங்குகிற 200 கிராம் பைக்கற்றைக் காயவைத்து இடித்தால் நாற்பது குளிசை வரும். சாறு எடுத்துச் சுண்டவைத்த வகைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. வெறும் தூள் அடைத்ததற்குப் பொருந்தும்.

எலிக்கு வேலை செய்ததாம்?

செய்திருக்கலாம். ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் எலிக்கு ஒரு நச்சு மருந்தை ஏற்றி, இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்து, செயற்கையாக நீரிழிவு வரவைக்கிறார்கள். பிறகு உடல் எடைக்கு ஏற்பப் பெரிய அளவில் காளான் சாறு கொடுக்கிறார்கள். நமக்கு வருவது வயலுக்குப் போகிற காலத்தில் சாப்பிட்ட அளவு சோற்றை, கதிரையில் உட்கார்ந்திருக்கும் காலத்திலும் சாப்பிடுவதால் வருகிற வருத்தம். எலிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

போத்தலுக்குள் இருப்பது உண்மையில் காளான்தானா?

சில நேரம் இல்லை. அமெரிக்காவில் விற்கப்பட்ட 19 ரெய்ஷிப் பொருட்களைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் சொன்னதற்கு ஒத்துவந்தவை 5 மட்டும். அவ்வளவு சட்டம் இருக்கிற நாட்டிலேயே அப்படி.

ஒரு காரணம் இது. காளான் முளைக்கும் முன், வெள்ளை நூல் மாதிரிப் படர்கிற பகுதியை அரிசியிலோ வேறு தானியத்திலோ வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்துவிடுகிறார்கள். அப்போது குளிசைக்குள் பெரும்பகுதி மாவுச்சத்து. சீனிக்காரருக்கு அரிசி மாவு விற்பது! ஒரு நாள் பொழுதுபோகாமல், வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்த குளிசையைத் திறந்து, தூளைத் தண்ணீரில் கரைத்து, காயத்துக்குப் போடும் அயடீனில் இரண்டு சொட்டு விட்டேன். பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் கிழங்குக்குச் செய்த அதே சோதனை. கருநீலமாக மாறியது. எந்தக் கம்பனி என்று சொல்லப் போவதில்லை. வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம், செலவில்லை. நீலமானால் மாவு இருக்கிறது. நீலமாகாவிட்டால் மாவு இல்லை என்பது மட்டும்தான் தெரியும், நல்ல காளான் என்று அர்த்தமில்லை.

இதைவிடப் பயப்பட வேண்டியது, "இயற்கை" என்ற லேபிளுக்குள் ஆங்கில மருந்தை ஒளித்து வைப்பது. 2008இல் சிங்கப்பூரில் ஆண்மைக்கு என்று விற்ற கள்ள மருந்துகளில் கிளிபென்கிளமைட் என்ற சீனிக் குளிசை கலந்திருந்தது. சீனி வருத்தமே இல்லாத ஆண்கள் சீனி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். அது காளான் இல்லை, சரி. ஆனால் ஒரு "மூலிகை" மூன்றே நாளில் சீனியைத் தடாலென்று இறக்கினால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

கிளினிக் குளிசையோடு சேர்த்துப் போடலாமா?

கிளினிக்கில் சொல்லாமல் போட வேண்டாம். நீங்கள் எந்தக் குளிசை போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும்.

மெட்போமின் மட்டும் போடுகிறவர்களுக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்குவது அபூர்வம். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் என்றால் கவனம். அவை தாமாகவே சீனியை இறக்கிவிடக் கூடியவை. அதற்கு மேல் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு பொருளைப் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் என்று வந்தால் 70க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் நீண்ட நேரம் வேலை செய்வதால் சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கலாம். ஒரு முறை ஏறிவிட்டது என்று படுத்துவிடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

சாய்ந்தமருது, காத்தான்குடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் நோன்பு காலத்தில் இதை இன்னும் யோசிக்க வேண்டும். நோன்புக்கு முன் டொக்டரிடம் போய் குளிசை நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதிக்கொண்டு வருவது நல்ல வழக்கம். அப்படிக் கணக்குப் பார்த்து எழுதியதன் மேல், சஹருக்கு இரண்டு காளான் குளிசை என்று சேர்த்தால் கணக்கே குழம்பிவிடும். சீனி 70க்குக் கீழே போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ ஆலோசனை. பிள்ளைகள் வாப்பா உம்மாவுக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லி வையுங்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிற அம்மாமாருக்கும் இதே கதைதான்.

வார்பரின், அஸ்பிரின், குளோபிடோகிரெல் என்று இரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிறவர்களுக்கு ரெய்ஷி வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். சத்திர சிகிச்சை, பல் பிடுங்குவது என்று ஏதாவது இருந்தால் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்துங்கள். சிறுநீரகம் மாற்றியவர்கள் நோய் எதிர்ப்பை அடக்கும் குளிசை போடுவார்கள். காளானை விற்பதே நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்று சொல்லித்தான். இரண்டும் எதிர் எதிர்.

கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டு இதை மட்டும் போடலாமா?

கூடாது. இன்சுலின் ஊசியில் இருக்கிற பிள்ளைகளுக்கு, முதலாம் வகைக்காரருக்கு, ஒரு நாள்கூடக் கூடாது. உயிர் போகும்.

இரண்டாம் வகைக்காரருக்கு உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் பிரச்சினையே. சீனி 250இல் நின்றாலும் ஆள் நடந்து திரிவார், வயலுக்குப் போவார், கலியாண வீட்டில் சாப்பிடுவார். கண்ணுக்குள் இருக்கிற சிறு இரத்தக் குழாயும், காலில் உணர்வும், சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டு போகும். ஒரு அண்ணன் எட்டு மாதம் கிளினிக்குக்குப் போகாமல் போத்தலை நம்பி இருந்தார். காலில் ஆணி குத்தியதே தெரியவில்லை. மணம் வந்த பிறகுதான் வீட்டார் பார்த்தார்கள். இரண்டு விரல் போய்விட்டது. காளான் அவருக்கு நஞ்சாகவில்லை. எட்டு மாதக் குளிசையைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடாதாமே?

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. ஆய்வுகளில் பெரும்பாலும் வயிற்றுக் குழப்பம், வயிற்றோட்டம், மலச்சிக்கல் என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் மோசமாகப் போனவர்களும் உண்டு. ரெய்ஷியை அவித்துக் குடித்த காலம் முழுவதும் ஒன்றும் ஆகாமல் இருந்த ஒருவர், தூளுக்கு மாறி ஓரிரு மாதத்தில் ஈரல் செயலிழந்து இறந்ததாகத் தாய்லாந்து மருத்துவர்கள் 2007இல் எழுதினார்கள். ஹொங்கொங்கிலும் ஈரல் பாதிப்புப் பதிவாகியிருக்கிறது. அவித்த தண்ணீரும் தூளும் ஒன்றல்ல.

சாகாவில் ஒக்சலேட் என்ற, சிறுநீரகத்தில் படியக்கூடிய உப்பு அதிகம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் நாளுக்கு நான்கைந்து தேக்கரண்டி சாகாத் தூளை ஆறு மாதம் எடுத்துச் சிறுநீரகம் பழுதானதை 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள். சீனி வருத்தமே சிறுநீரகத்தைத் தின்கிற வருத்தம். அதிலும் அம்பாறை மாவட்டத்தின் மேற்கில், தெஹியத்தகண்டிப் பக்கமெல்லாம், காரணம் தெரியாத சிறுநீரக நோய் விவசாயிகளைப் பிடித்திருக்கிறது. இங்கே ஒருவர் சாகா வாங்கிப் போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. இரத்தத்தில் கிரியேட்டினின் கூடியவர்கள், அதாவது சிறுநீரகம் பலவீனமானவர்கள், தொடவே வேண்டாம்.

இயற்கைதானே? இங்கிலீஷ் மருந்து எல்லாம் கெமிக்கல் அல்லவா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. மெட்போமினின் பூர்வீகம் ஒரு செடி. ஐரோப்பாவில் வளர்கிற கலேகா என்ற பூச்செடியில் சீனியைக் குறைக்கும் சத்து இருப்பதைக் கண்டு, அதன் நஞ்சைத் தவிர்த்து, அதே குடும்பத்தில் செய்த மருந்துதான் அது. ஜோன் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். கொலஸ்ட்ரோலுக்குப் போடுகிற ஸ்டாட்டின் வகையை, ஜப்பானியரான அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார். பெனிசிலினும் பூஞ்சை.

இன்னும் ஒன்று. இன்று உலகத்தில் விற்கிற இன்சுலினில் ஒரு பெரிய பங்கை, பாண் புளிக்கப் போடுகிற ஈஸ்டைக் கொண்டு செய்கிறார்கள். மனித இன்சுலினுக்குரிய மரபணுவை அதற்குள் வைத்துத் தொட்டியில் வளர்க்கிறார்கள். ஈஸ்ட் யார்? காளானின் சொந்தக்காரன், அதுவும் ஒரு பூஞ்சைதான். ஆக, சீனியைக் குறைக்கிற பூஞ்சை ஒன்று கட்டாயம் இருக்கிறது. அது கிளினிக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது, அளவு எழுதி, இலவசமாக.

காளான் கோப்பி குடிக்கலாமா?

பைக்கற்றைத் திருப்பிப் பொருட்களின் வரிசையைப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். த்ரீ இன் வன் வகைகளில் முதல் இரண்டு இடத்தில் க்ரீமரும் சீனியும் நிற்கும். காளான் கடைசியில் எங்கோ. சீனி வருத்தக்காரருக்குச் சீனி போட்ட கோப்பி. வேறு என்ன சொல்ல?

சிப்பிக் காளான் கறி சாப்பிடலாமா?

தாராளமாக. இங்கேதான் நான் காளானின் கட்சி.

100 கிராம் சிப்பிக் காளானில் மாவுச்சத்து 6 கிராம் அளவு, அதிலும் இரண்டு கிராமுக்கு மேல் நார். அவித்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. தட்டில் 100 கிராம் சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காளானை வைத்தால் 22 கிராம் குறைந்துவிடும். நாலு தேக்கரண்டிக்கு மேல் சீனி குடிக்காமல் விட்டதற்குச் சமம். இதற்கு மந்திரம் எதுவும் தேவையில்லை, இடம் மாறினால் போதும். சோற்றைக் குறைக்காமல் மேலதிகமாகக் காளான் வைத்தால் பலன் இல்லை. நம் ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். மூன்று கறியோடு காளான் நாலாவது.

பங்களாதேஷில் 89 நீரிழிவுக்காரருக்குச் சிப்பிக் காளானைச் சாப்பாட்டில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. ஒரு கிழமை கொடுத்தார்கள், ஒரு கிழமை நிறுத்தினார்கள், மறுபடி ஒரு கிழமை கொடுத்தார்கள். கொடுத்தபோது சீனியும் பிரஷரும் இறங்கின, நிறுத்தியபோது ஏறின. ஒப்பிட வேறு குழு இல்லாத குறுகிய ஆய்வு, அதனால் இதை வைத்துக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் கறிச்சட்டிக்குள் இருப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை.

சமையலில் ஒரே எச்சரிக்கை: கட்டித் தேங்காய்ப்பாலில் நீந்தவிட்டு, கோதுமை மாவு தோய்த்துப் பொரித்து எடுத்தால் நான் சொன்ன கணக்கு எதுவும் நிற்காது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகு போட்டுத் தண்ணீர் வற்றப் பிரட்டுங்கள். காளானே தண்ணீர் விடும். வளர்ப்பதும் வீட்டு வேலைதான்: மரத்தூளும் தவிடும் கலந்து, அவித்து, பையில் அடைத்து, விதை வைத்து, நிழலில் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். விதை வைத்த பையாகவே வாங்கி ஓலைக் கொட்டிலில் தொங்கவிட்டு விற்கிற பெண்கள் இங்கும் இருக்கிறார்கள். வாங்கினால் அவர்களிடம் வாங்குங்கள்.

மழைக்கு முளைக்கிற காட்டுக் காளான்?

மாரி தொடங்கினால் படுவான்கரைப் பக்கம் புற்றுக் காளான் பிடுங்கிவருவார்கள். ருசி தெரியும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பரம்பரையாகத் தெரிந்தவர் கை வைத்ததை மட்டும் சாப்பிடுங்கள். நஞ்சுக் காளானை அவித்தாலும் நஞ்சு போகாது. நஞ்சு இருந்தால் மஞ்சள் போட்டதும் நிறம் மாறும் என்பதெல்லாம் கதை. மருந்துக்கு என்று காட்டுக் காளானைக் காயவைத்து இடிப்பது நினைக்கவே வேண்டாம்.

காளானை விடுங்கள், கோதல ஹிம்புட்டு நல்லதா?

கோதல ஹிம்புட்டு ஒரு கொடி. அதன் கட்டையில் செய்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதைப் பலரும் அறிவார்கள். இதை நம் நாட்டிலேயே 51 நோயாளர்களுக்குத் தேயிலையாகக் கொடுத்து, வெற்றுத் தேயிலையோடு ஒப்பிட்டு, 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். எச்.பி.ஏ.1சி கொஞ்சம் குறைந்தது. மாவுச்சத்தைச் சீனியாக உடைக்கிற நொதியைத் தடுக்கும் சத்து அதில் இருக்கிறது, அதனால் காரணமும் விளங்குகிறது. போட்டி வைத்தால் ரெய்ஷியைவிட இதற்குத்தான் என் வாக்கு. ஆனாலும் சின்ன ஆய்வுதான். குளிசைக்கு மாற்று இல்லை. சீனி இறங்குவது பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள், கிளினிக்குப் போகும்போது சித்த மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒளிப்பதில்தான் கேடு.

விற்பவர் சொந்தக்காரர். எப்படி மறுப்பது?

கஷ்டம்தான். கம்பனிக்காரன் என்றால் வாசலில் வைத்து அனுப்பிவிடலாம். மாமி வந்து கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போத்தலை எடுத்தால் என்ன செய்வது? இந்த வியாபாரம் அந்த வெட்கத்தில்தான் ஓடுகிறது. மாமியைத் திட்டாதீர்கள். அவரும் தன் காசைப் போட்டு, வியாபாரச் சங்கிலியில் தனக்கு மேலே இருப்பவர் சொன்னதை நம்பித்தான் வந்திருக்கிறார்.

மூன்று விஷயம் கேளுங்கள். இது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிலோ ஆயுர்வேதத் திணைக்களத்திலோ பதிந்ததா, பதிவு இலக்கம் எங்கே? காளானின் எந்தப் பகுதி, எத்தனை மில்லிகிராம்? என் குளிசையோடு போட்டு ஏதாவது ஆனால் யாரிடம் போக? மூன்றாவது கேள்விக்கு "ஒண்டும் ஆகாது கா" என்ற பதிலைத் தவிர வேறு நான் கேட்டதில்லை. லேபிளில் நோய் குணமாகும் என்று எழுதி விற்றாலோ, விலையை மறைத்தாலோ 1977க்கு அழைத்து நுகர்வோர் அதிகாரசபையிடம் முறையிடலாம். மாமியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, போத்தலின் பெயர் போதும்.

மறுக்க முடியாவிட்டால் பழியை என் மேல் போடுங்கள். "மருந்துக் கடைத் தம்பி என்ட குளிசையோட சேராதாம் எண்டவர்" என்று சொல்லுங்கள். பலருக்கு அது உதவியிருக்கிறது.

ஏற்கெனவே வாங்கியாச்சு. போத்தல் பாதி இருக்கிறது. என்ன செய்ய?

காசு போனது போனதுதான். மிச்சத்தை முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரத்தம் உறையாமல் போடும் குளிசை, சிறுநீரகப் பிரச்சினை, ஈரல் பிரச்சினை, கர்ப்பம், பால் கொடுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் இன்றே நிறுத்துங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால், அல்லது உடம்பு அரிப்பெடுத்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

மற்றவர்கள், அடுத்த கிளினிக் நாளுக்குப் போத்தலையே கையில் கொண்டு போங்கள். பெயரை எழுதிக்கொண்டு போனால் பாதி நேரம் பிழையாக எழுதப்படும். எப்போது தொடங்கினீர்கள், எத்தனை போட்டீர்கள் என்று கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துவிடுங்கள். டொக்டர் ஏசுவார் என்று ஒளிக்காதீர்கள். சில பேர் ஏசுவார்கள்தான், அது ஐந்து நிமிடம். சீனி திடீரென்று இறங்கியதற்குக் காரணம் தெரியாமல் குளிசையை மாற்றி எழுதினால் அது மாதக்கணக்கில் இழுக்கும். போத்தலை நிறுத்துகிற நாளிலிருந்து இரண்டு கிழமைக்கு வெறும் வயிற்றுச் சீனியை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பாருங்கள். வீட்டில் மீட்டர் இல்லாவிட்டால், அடுத்த போத்தலுக்கு என்று எடுத்து வைத்த காசில் ஒரு மீட்டரும் ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பும் வாங்குங்கள். எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை.